எடுத்ததும் இருப்பதும்

பிப்ரவரி 9

போனை எடுக்காத மாத்திரைக்கு,

மாதக்கணக்காக நானும் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மணி அடித்து ஓய்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டால், "கடையில கூட்டம், அவளே கூப்பிடுவா" என்கிறார். கண்ணாடிக்கடை நடத்துகிற மனிதர், ஊரார் பார்வையைச் சரிசெய்கிறவர், பாவம், பொய் சொல்லத் தெரியாமல் திணறுகிறார். என் குரலைக் கேட்டால்தானே உனக்கு எரிகிறது, எழுத்துக்குக் குரல் கிடையாது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

முதலில் விஷயம். போன மாதம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் அதே பாட்டைப் பாடுவாய். "கட்டிக்குப் போய் யாராவது கர்ப்பப்பையை எடுப்பாங்களா, மாத்திரையிலயே சமாளிக்கலாம்" என்று நீ உன் மருந்துக்கடையிலிருந்து அனுப்பியதையெல்லாம் இரண்டு வருடம் விழுங்கினேன். அப்படியும் உதிரப்போக்கு நிற்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் என் இருக்கையில் கறுப்புத் துணியை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்குகிறவர்களிடம் "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்து என்னால் இறங்க முடியவில்லை. கற்றுக்கொள்ள வந்த பெண் தெருமுனையைத் தாண்டிப் போகும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு முடிவு செய்ததுதான்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. சினைப்பை இரண்டையும் விட்டுவைத்திருக்கிறார்கள், இந்த வயதில் அவை இருப்பது நல்லதாம். "கட்டியோட சேர்த்து எடுத்தாச்சு, இனிமே நிம்மதி" என்றார் டாக்டரம்மா. உன் அத்தான் வீடு பெருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், மூலைகளை மட்டும் பார்க்கமாட்டார். வாலு கல்லூரி விட்டதும் நேராக என் கட்டிலுக்கு வந்துவிடுகிறாள். பெற்ற மகளா, காவலுக்கு வைத்த ஆளா என்று எனக்கே சந்தேகம்.

தையலைக் காட்டப் போனபோது டாக்டரம்மா நர்ஸைக் கதவைச் சாத்தச் சொன்னார். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவது வழக்கமாம். கட்டிகள் எல்லாம் சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் கர்ப்பப்பையின் உட்சுவரில் வேறொன்று இருந்திருக்கிறது. யாரும் அதைத் தேடவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் உள்ளிருந்து கொஞ்சம் சுரண்டிப் பார்த்திருந்தார்கள், அதிலும் அகப்படவில்லை. அது என்னவென்று எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கே புரியும்.

கேட்டதும் என் வாயில் வந்த முதல் கேள்வி, "நான் எப்ப மறுபடி கார் எடுக்கலாம்?" டாக்டரம்மா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஏதோ விளையாட்டாகச் சொன்ன ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது உனக்கே அதிகமாகத் தெரியவில்லையா? எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

கடையில் நின்றபடியே பிரித்துப் படித்தேன், அது தப்பாகப் போயிற்று. இருமல் மருந்து கேட்டவருக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்தை எடுத்து வைத்திருக்கிறேன். நல்ல மனிதர், பெயரைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் பின்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இந்த நேரத்தில் அதைச் சொல்வது நியாயமில்லைதான். ஆனால் அதை மறைத்துக்கொண்டு அன்பாக நாலு வரி எழுதினால் அது வேஷம். நீ சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? "எனக்கு இனிமே அது எதுக்குடி? உனக்கு வேணும்னா சொல்லு, பார்சல் கட்டி அனுப்பிடறேன்." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். அதற்கு முந்தின வாரம்தான் எனக்கு மூன்றாவது தடவையாகக் கலைந்திருந்தது. உனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லி அழலாம் என்றுதான் அன்றைக்கு நான் போனையே எடுத்தேன்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் உன் ஆபரேஷனுக்கு அப்படிக் குதித்தேன் என்று. மருந்து தெரிந்தவளாக நான் பேசவில்லை. வேண்டாம் என்று ஒருத்தி தூக்கிப் போடப் பார்க்கிறாளே என்று வயிறு எரிந்துதான் பேசினேன். நல்லவேளை, என் பேச்சை நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தால் அது இன்னும் உள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும். இதை எழுத எனக்குக் கசக்கிறது.

சரி, வேலையைப் பார்ப்போம். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் இருக்கும், அதைப் பார்த்து எழுது. ஸ்கேன் எடுத்தார்களா? அடுத்து என்ன செய்யச் சொல்கிறார்கள்? குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார்களா? கை வரவில்லை, கால் வரவில்லை என்றெல்லாம் எழுதாதே. நாள் முழுக்க அந்த மருந்துகளை எடுத்துக் கொடுக்கிறவள் நான். புற்றுநோய் என்றே எழுது.

தங்கை


பிப்ரவரி 28

மாத்திரை,

மூன்றாவது தடவை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி ரொம்ப நேரம் என்னால் போக முடியவில்லை. அத்தான் வந்து "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, திட்டியிருக்கா" என்றேன். எனக்குத் தெரியாதுடி. தெரிந்திருந்தால்... சரி, விடு. இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். சுவரில் பாதியைத் தாண்டி உள்ளே போயிருக்கிறதாம். ஸ்கேன் எடுத்தார்கள், வேறெங்கும் கண்ணுக்குப் படவில்லை. புற்றுநோய்க்கென்று இருக்கும் வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்கள், அவரும் ஒரு பெண்தான், என்னைவிட வயதில் சின்னவர். மறுபடியும் திறந்து சினைப்பைகளை எடுத்துவிட்டு, அடிவயிற்றில் இருக்கும் நெறிக்கட்டிகளில் சிலவற்றையும் எடுத்துச் சோதிக்க வேண்டும், அதற்கப்புறம் ரேடியேஷன் தேவைப்படலாம் என்றார். முன்பே தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்திருப்பார்களாம். தெரியாததால் இரண்டு தவணை.

மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எதில் இருந்ததோ அதையே எடுத்தாயிற்று. திருடன் இருந்த வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, அப்புறம் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று இடித்துக்கொண்டே போவார்களா? எனக்கும் ஒரு பிழைப்பு இருக்கிறது. போன வாரம்தான் வேலைக்குத் திரும்பினேன். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் கற்றுக்கொள்ள வருகிறார். இடதுபக்கம் திரும்புங்கள் என்றால் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு நேராகப் போவார். என் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிக்கப் போனேன், அடிவயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒரு நொடிதான் தாமதம். முன்னால் நின்ற வண்டியைத் தொட்டுக்கொண்டு நின்றோம். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லட்டுமா? பிழைப்பு ஒரு சாக்கு. ஒரு தடவை "இனிமே நிம்மதி" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னொரு தடவை அந்தப் பேச்சை நம்பிப் போய்ப் படுக்க எனக்குத் தெம்பில்லை.

குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். யாருக்கும் இல்லை என்றேன்.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

யாருக்கும் இல்லை என்றா சொன்னாய்?

அம்மாவுக்குக் குடலில் வந்தது என்ன? மாமாவுக்கு வந்தது என்ன? இரண்டு பேருமே ஐம்பதைத் தாண்டவில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நம் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. பார்க்க வந்தவர்களிடம் அப்பா "அவளுக்கு உடம்பு முடியல" என்பார், "மச்சானுக்கு வயிறு சரியில்ல" என்பார், கேட்டால் நாமும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் பக்கத்து வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்று இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. நீதான் சமாதானம் செய்துவைத்தாய். அவர் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அவர் பழக்கிய பழக்கம் மட்டும் உன் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் முன்னாலும் அதுவே வந்திருக்கிறது. பொய் சொல்கிறோம் என்றுகூட உனக்குத் தோன்றியிருக்காது.

நாளைக்கே போய்ச் சொல். நான் டாக்டர் இல்லை, ஆனால் இவ்வளவு தெரியும்: குடலில் வருவதும் கர்ப்பப்பையில் வருவதும் சில குடும்பங்களில் ஒரே காரணத்தால் வரும். அவர்கள் அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

அப்புறம் உன் திருடன். அவன் அந்த வீட்டோடு நின்றான் என்று உனக்கு யார் சொன்னது? பாதிச் சுவரைத் துளைத்திருக்கிறான். பக்கத்தில் எட்டிப் பார்த்தால்தானே தெரியும். ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் இப்போதுதான் பிடிக்க முடியும். இன்னும் கொஞ்சநாள் போனால் அவன் உன்னைப் பிடித்துவிடுவான்.

வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. வந்தால் பழைய சண்டையையும் கையோடு கொண்டுவருவேன், அது உனக்கு இப்போது ஆகாது. ஆனால் போய்ப் படு. எனக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை. நீயும் இல்லாமல் போனால் நான் யாரோடு பேசாமல் இருப்பேன்?

தங்கை


மார்ச் 18

மாத்திரை,

போய்ச் சொன்னேன். "எங்கம்மாவும் மாமாவும் குடல்ல வந்துதான் இறந்தாங்க" என்று ஆரம்பித்தேன். சின்ன டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "போன தடவை கேட்டப்ப இல்லைன்னீங்களே?" என்றார், கோபமில்லாமல். எங்கள் வீட்டில் சொல்லிப் பழக்கமில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இது அவருக்குப் புதிதில்லை போல.

அதற்கப்புறம் எடுத்து வைத்திருந்த சதையை மறுபடி சோதித்தார்கள். உடம்பில் செல் பிரியும்போது வரும் பிழைகளைத் திருத்த சில புரதங்கள் இருக்குமாமே, என்னுடையதில் அவற்றில் இரண்டைக் காணவில்லை. குடும்பத்தோடு வரும் வகையாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல இரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். முடிவு வர நாளாகும். வந்து "ஆமாம்" என்றால், அக்கா தங்கைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெற்ற பிள்ளைக்கும் அப்படியே.

இதைக் கேட்டபோது என் ஆபரேஷன், என் பிழைப்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. உன் முகமும் வாலுவின் முகமும்தான் வந்து நின்றன. அவள் இன்னும் சின்னவள், அவளுக்கு அவகாசம் இருக்கிறதாம். உனக்கு முப்பத்தெட்டு.

எனவே ஒரு பேரம். எனக்கு "ஆமாம்" என்று வந்தால் நீயும் இரத்தம் கொடுத்துப் பார்ப்பதாகச் சத்தியம் செய். செய்தால் நான் போய்ப் படுக்கிறேன். செய்யாவிட்டால் இல்லை. நான் எப்படிப்பட்ட பிடிவாதக்காரி என்று உனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

உன் உயிரை வைத்து என்னிடம் பேரம் பேசாதே. அசிங்கமாக இருக்கிறது.

சத்தியம் செய்ய முடியாது. இரத்தம் கொடுப்பது பெரிய விஷயமில்லை, குத்தினால் வந்துவிடும். "இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த வயதில், குழந்தை இல்லாதவளிடம், "எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே ஒரு தடவை போனில் உன் வாயால் கேட்டுவிட்டேன்.

முதலில் நீ போ. ஒரு வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு நோயாளி போதும்.

தங்கை


ஏப்ரல் 30

மாத்திரை,

நீ சத்தியம் செய்யவில்லை. நான் போய்ப் படுத்து எழுந்தும் வந்துவிட்டேன். பேரம் பேச எனக்கு எப்போதும் வராது, உனக்கே தெரியும்.

வாலுதான் காரணம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை அவள் எடுத்திருக்கிறாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள்.

"எப்ப வந்து அட்மிட் ஆகறீங்கன்னு கேக்கறாங்க. எதுக்கும்மா?"

"ஒண்ணுமில்ல, உடம்பு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் எனக்கே கேட்டது. அப்பாவின் பேச்சு, அட்சரம் பிசகாமல் என் வாயிலிருந்து வருகிறது. குழாயை மூடினேன். "எனக்குப் புற்றுநோய் வந்திருக்கு" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன், அதுவும் பெற்ற பெண்ணிடம், கையில் சோப்பு நுரையோடு.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "பாட்டிக்கும் அதுதானா?" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்கும் வருமா?" வரலாம், வராமலும் போகலாம், பார்த்தால்தான் தெரியும் என்றேன். "பார்த்தாத்தான் தெரியும்னா நீ ஏன் பார்க்கப் போகல?"

குழாயைத் திறந்து கையைக் கழுவினேன். நானே பார்க்கப் போகாமல் உட்கார்ந்துகொண்டு உன்னைப் போ போ என்று விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நாள் குறித்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன்னால் ஒரு அறையில் தனியாக உட்காரவைத்திருந்தார்கள். போன தடவை அதே அறையில் நான் நர்ஸோடு வம்பளந்துகொண்டிருந்தேன். இந்தத் தடவை உன் நினைவுதான். நீ என்னிடம் சொல்லி அழுவதற்காகப் போனை எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருப்பாயே, அதுதான் திரும்பத் திரும்ப வந்தது. நீ வாயைத் திறக்கும் முன்னால் நான் சிரித்து அடைத்துவிட்டேன். அதை இனி விளையாட்டு என்று சொல்லமாட்டேன். என்னை மன்னித்துவிடு. இந்த இரண்டு வார்த்தையை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது பார்.

முடிவு: சினைப்பையில் இல்லை. நெறிக்கட்டிகளிலும் இல்லை. ஆனாலும் ஆழமாகப் போயிருந்ததால் ரேடியேஷன் சில தடவை கொடுக்கிறார்கள். உள்வழியாக ஒரு குழாயை வைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள், கனமான கதவு சாத்திக்கொள்ளும், எங்கிருந்தோ ஒரு குரல் "அசையாம இருங்கம்மா" என்னும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததில்லை. சினைப்பை போனதால் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது. நான் ஜன்னலைத் திறக்கிறேன், அத்தான் போர்த்திக்கொள்கிறார். குடித்தனம் இப்படி ஓடுகிறது.

இரத்தத்தின் முடிவும் வந்துவிட்டது. இருக்கிறது. அம்மா கொடுத்தது.

போவதும் போகாததும் உன் இஷ்டம் என்று பெரிய மனதோடு எழுதத்தான் நினைத்தேன், வரவில்லை. போ. சத்தியமும் வேண்டாம், பேரமும் வேண்டாம். எனக்கு அது இருப்பதே யாருக்கும் தெரியாமல் இருந்தது, தற்செயலாக அகப்பட்டது. உனக்கும் அப்படி ஒரு தற்செயல் வாய்க்கும் என்று நம்பிக்கொண்டிருக்க என்னால் முடியாது. போய்ப் பார்.

அக்கா


ஜூன் 19

அக்கா,

நெறிக்கட்டியில் இல்லை என்ற வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன், நீ அதை வைத்துக் கேலி செய்வாய். மன்னிப்புக் கேட்டிருந்தாய். அன்றைக்கே மன்னித்திருப்பேன், நீ கேட்காததால் வைத்துக்கொண்டிருந்தேன். முடிந்தது.

போனேன். உனக்காகவோ எனக்காகவோ போகவில்லை என்று வைத்துக்கொள். வாலு போன் செய்தாள். "சித்தி, நானும் படிப்பு முடிஞ்சதும் பார்க்கப் போறேன். நீங்க முதல்ல போய்ட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள். ஏதோ புதுக் கடை திறந்திருப்பதைப் பற்றி விசாரிக்கிற மாதிரி கேட்கிறாள். இந்தப் பிள்ளை உன் வயிற்றில்தான் பிறந்ததா?

எனக்கும் இருக்கிறது.

முடிவைச் சொன்ன அறையில் ஜன்னலோரமாக ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. அதன் இலையில் தூசி படிந்திருந்தது. டாக்டர் பேசப் பேச, அதை யாராவது துடைக்கக் கூடாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே கர்ப்பப்பையின் சுவரிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். வலித்தது. சுத்தமாக இருக்கிறது. குடலையும் குழாய்விட்டுப் பார்த்தார்கள், அதுவும் சுத்தம். இப்போதைக்கு எங்கும் எதுவும் இல்லை.

நான் பயந்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். நாற்பதை ஒட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடுவது நல்லது என்று சொல்வார்களாம். இப்போதே எடுத்தாலும் தப்பில்லை. குழந்தை வேண்டும் என்றால் ஒரு வருடம் முயற்சி செய்து பார்க்கலாம், ஆனால் அரையாண்டுக்கு ஒருமுறை இதே சோதனைக்கு வந்தே ஆக வேண்டும், சின்னதாக ஒரு மாற்றம் தெரிந்தாலும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். காத்திருப்பதில் ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். இன்னொன்றும் சொன்னார். பிறக்கும் குழந்தைக்கும் இது வரப் பாதி வாய்ப்பு.

என் வீட்டுக்காரரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த கண்ணாடிகளை எடுத்து மறுபடி துடைக்கிறார். எல்லாரும் உன் இஷ்டம் என்கிறார்கள். என் இஷ்டம் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் பேராசைக்காரி என்று ஆகிவிடுவேனோ என்றிருக்கிறது. மூன்று தடவை தங்காதது நாலாவது தடவை மட்டும் தங்குமா? அதற்காக அம்மா போன வழியில் நான் ஒரு வருடம் நின்று வேடிக்கை பார்ப்பதா?

ஆகவே நீ சொல். சின்ன வயதிலிருந்து உன்னோடு சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் கடைசியில் நடந்தது நீ சொன்னதுதான். எடுத்துவிடு என்று நீ எழுதினால் அடுத்த வாரமே போய்ப் படுத்துவிடுகிறேன். ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

மாத்திரை


ஜூன் 27

என் தங்கைக்கு,

"எடுத்துவிடு" என்றுதான் எழுதினேன். ஒரே வரி. உறையில் போட்டு ஒட்டி, அத்தானிடம் கொடுத்து, அவர் செருப்பும் போட்டுவிட்டார். வாசல்வரை போனவரைக் கூப்பிட்டு வாங்கிக்கொண்டேன். "என்ன, விலாசம் தப்பா?" என்றார். ஆமாம் என்றேன்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கு உன்னைப் பற்றி இருப்பதெல்லாம் பயம். நாளைக்கே எடுத்துவிட்டால் என் பயம் போய்விடும், நான் நன்றாகத் தூங்குவேன். உனக்கு என்ன போகும் என்று நான் கணக்கில் எடுக்கவே இல்லை. எனக்கு அதை எடுத்தபோது வலி ஆறினதோடு சரி. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்ததும் நீ எடுக்கப்போவதும் ஒன்றில்லை. அது எனக்கு அன்றைக்குப் போனில் புரியவில்லை, இன்றைக்குப் புரிகிறது.

சின்ன டாக்டரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். உன் டாக்டர் சொன்னதையேதான் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆபத்து இருக்கிறது, சோதனையைத் தள்ளிப்போடாவிட்டால் ஒரு வருடம் காத்திருக்கலாம்.

பிறப்பதற்கும் பாதி வாய்ப்பு என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு இருந்தது. தெரிந்திருந்தால் அவள் நம் இரண்டு பேரையும் பெறாமல் இருந்திருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறதா? எனக்குத் தோன்றவில்லை. அடிவயிற்றில் இரண்டு தையல் வாங்கிக்கொண்டு சொல்கிறேன், நான் பிறந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அதோடு, அந்தப் பிள்ளை நம்மைப்போல வாயை மூடிக்கொண்டு வளராது. முதல் நாளிலிருந்தே தெரிந்துகொண்டு வளரும். வாலு அதற்குச் சொல்லிக் கொடுப்பாள், நாம் வாயைத் திறக்கவே வேண்டாம்.

நீ கேட்டது "எடுத்துவிடு" என்று நான் சொல்ல வேண்டும் என்றுதான். சொன்னால் நாளைக்கு என்னைத் திட்டிக்கொண்டே ஆறிப்போகலாம், உன் இஷ்டத்தை நீயே வேண்டாம் என்று சொன்னதாக இருக்காது. உன்னை எனக்குத் தெரியாதா? அந்தச் சௌகரியத்தை நான் உனக்குத் தரமாட்டேன். உனக்கு வேண்டும். வேண்டும் என்று சொல். அது பேராசை இல்லை.

ஒவ்வொரு சோதனைக்கும் நான் வருவேன். உள்ளே வரமாட்டேன், வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். அத்தான் நம்பவில்லை, நீயாவது நம்பு. ஏதாவது மாற்றம் என்று அவர்கள் சொன்னால் அன்றைக்கே எடுக்க வேண்டும், அதில் மட்டும் உன்னோடு பேச்சே கிடையாது. குழந்தை வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் இந்தத் தடவை போனை எடுத்து என்னிடம் சொல், நான் குறுக்கே பேசாமல் கேட்பேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை, நம் வீட்டில் மறைத்தது போதும். ஆனால் அது என் பயம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வருடம் உன்னுடையது. அதில் ஒரு நாளைக்கூட எனக்காகக் குறைத்துக்கொள்ளாதே.

அக்கா